ஏழு கன்னியர் மலையில் ஓர் இரவு



பதுளையிலே நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் எவருடைய கண்ணையும் முதலில் மறிப்பது நமுனுகுல மலை. 2,036 மீற்றர் உயரம். ஒன்பது சிகரம் உடையது என்பது அந்தச் சிங்களப் பெயரின் பொருள். மலைகளை எண்ணிப் பெயர் வைப்பது மலைநாட்டாருக்கு வழக்கம். மேற்கே, மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் இடையிலே, ஏழு முடிகளோடு நிற்கும் இன்னொரு மலைத்தொடர் இருக்கிறது. சிங்களத்திலே அது சப்த கன்யா. தோட்டத்துத் தமிழருக்கு அது ஏழு கன்னியர் மலை. லயத்துக்குப் பின்னாலே ஏழு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார் என்று கும்பிடுகிற மக்களுக்கு இந்தப் பெயர் எவ்வளவு இயல்பாக வாய்த்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய உரையிலே நான் பேச எடுத்துக்கொண்டது, 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் நாள் இரவு அந்த மலையிலே நிகழ்ந்த விமான விபத்து. 191 உயிர்களை ஒரு நொடியிலே கொண்டுபோன அந்த விபத்துதான் இலங்கை மண்ணிலே நடந்த விமான விபத்துகளுள் மிகப் பெரியது. மலையகத்தின் நடுவிலே நடந்தது. ஆயினும் மலையகத்து வரலாறு எழுதியவர்கள் இதற்கு ஒரு பத்தி கூட ஒதுக்கியது அரிது. இலக்கிய நிகழ்ச்சியிலே இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உரையின் நடுவிலே அதற்கு விடை வரும்.

முதலிலே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த விமானம் ஒல்லாந்து நாட்டுக்குரியது. மார்ட்டின் எயார் என்ற கம்பனியின் டீ.சீ. 8 வகை, நான்கு எந்திரங்கள் பொருத்திய ஜெட் விமானம். இந்தோனேசியாவின் கருடா விமான சேவை அதனை வாடகைக்கு அமர்த்தியிருந்தது. யாவாத் தீவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தாவுக்குப் பயணம். இடையிலே கட்டுநாயக்கவில் தரிப்பு. உள்ளே இருந்த பயணிகள் 182 பேர், பணியாளர் ஒன்பது பேர். பயணிகள் அனைவரும் ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்ட இந்தோனேசிய யாத்திரிகர்கள். அந்த ஆண்டு ஹஜ் நாட்கள் டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியிலே வந்தன. வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலே ஒரே ஒரு முறை போகிற பயணம் அது.

சுரபாயாவிலிருந்து புறப்பட்டு நான்கரை மணி நேரத்துக்கு மேல் பறந்த பின்னர், இலங்கை நேரப்படி இரவு பத்து மணியளவிலே, விமானம் கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. 5,000 அடிக்கு இறங்கலாம், விமானத் தளம் கண்ணுக்குத் தெரிந்ததும் அறிவியுங்கள் என்று தரையிலிருந்து சொன்னார்கள். விமானிகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தளம் தெரிந்தது என்ற செய்தி வரவேயில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,355 அடி உயரத்திலே, ஏழு கன்னியர் மலையின் முகத்திலே விமானம் மோதியது. கொழும்புக்கு அந்த இடம் நாற்பது கடல் மைல், அதாவது சுமார் 74 கிலோமீற்றர். ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

நேயர்களே, உலகப் படம் ஒன்றை விரித்து, சுரபாயாவிலே ஒரு புள்ளியும் கட்டுநாயக்கவிலே ஒரு புள்ளியும் வைத்து, ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூல் இந்து சமுத்திரத்தைக் கடந்து இலங்கையின் தென்கிழக்குக் கரையிலே ஏறுகிறது. பின்னர் வெல்லவாய, கொஸ்லந்தை, ஹப்புத்தளை என்று எங்கள் ஊவாவின் தெற்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டு மேற்கே போகிறது. விமானம் அந்த நூலை அச்சொட்டாகப் பின்பற்றியது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் மோதிய இடமும் ஏறத்தாழ அதே நூலின் மேலேதான் கிடக்கிறது. அன்று இரவு ஊவாத் தோட்டங்களின் லயங்களிலே குப்பி லாம்பை ஊதி அணைத்துவிட்டுப் படுத்தவர்களின் தலைக்கு மேலே, அல்லது அதற்கு அணித்தாக, அந்த 191 பேரும் போயிருக்க வேண்டும். ஹப்புத்தளையிலிருந்து ஏழு கன்னியர் மலைக்கு ஜெட் விமானத்திலே சில நிமிடத் தூரம். ஆகவே இது மஸ்கெலியாக்காரருக்கு மட்டும் உரிய துக்கமன்று. ஊவாவிலிருப்பவர்களும் பங்கு கேட்க வேண்டிய துக்கம்.

இனி, ஏன் நடந்தது?

எந்திரம் பழுதானதால் அன்று. இறக்கை முறிந்ததால் அன்று. நல்ல நிலையிலே இருந்த விமானம், தேர்ந்த விமானிகளின் கையிலே இருந்த விமானம், அவர்கள் ஓட்டிய வழியிலேயே போய் மலையிலே மோதியது. தாங்கள் விமானத் தளத்துக்கு எவ்வளவு தொலைவிலே இருக்கிறோம் என்பதைப் பிழையாக அறிந்துகொண்டதனால், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதே விசாரணையின் முடிவு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதே இந்தப் பிழைக்கு இடம் கொடுத்தது என்றும் விசாரணையாளர் கருதினர்.

டொப்ளர் என்றால் என்ன? பதுளை நேயர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோச்சி ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கூர்மையாகக் கேட்கிறது. நம்மைக் கடந்து போகும்போது அதே ஒலி தணிந்து விடுகிறது. இந்த வேறுபாட்டின் கணக்கை 1842ஆம் ஆண்டிலே விளக்கியவர் கிறிஸ்டியன் டொப்ளர் என்ற ஒஸ்திரிய அறிஞர். விமானத்தின் வயிற்றிலிருந்து வானொலி அலைகளைச் சாய்வாகக் கீழே அனுப்பி, கடலிலோ தரையிலோ பட்டுத் திரும்பி வரும் அலையிலே ஏற்படும் மாற்றத்தை அளந்தால், எவ்வளவு வேகமாகப் போகிறோம், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம் வரும். புறப்பட்ட இடம் தெரியும். போன தூரமும் திசையும் தெரியும். ஆகவே இருக்கும் இடமும் தெரியும். இதுதான் முறை.

முறை சரி. ஆனால் அதற்குள்ளே ஓர் ஆபத்து உறங்குகிறது. ஒவ்வொரு நிமிடமும் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு பிழை அடுத்த நிமிடத்தின் பிழையோடு கூடிக்கொள்ளும். சுரபாயாவுக்கும் கொழும்புக்கும் இடையிலே ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலே பிழை இருந்தாலும் முடிவிலே அது நாற்பது கிலோமீற்றராகி விடும். இது நான் விளக்கத்துக்காகச் சொல்லும் கணக்கே தவிர, அன்றைய பிழையின் அளவன்று. வழியிலே தீவோ தரைக் குறியோ இருந்தால் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். சுமாத்திராவைக் கடந்துவிட்டால் இலங்கை வரை வெறும் தண்ணீர். வானிலை ராடாரோ மழை மேகத்தைக் காட்டுவதற்கென்று அமைந்தது. அது கரையோரத்தையும் காட்டும். ஆனால் அந்தத் திரையிலே தெரிகிற நிழல் மேற்குக் கரையா, மலையா, மேகமா என்று தீர்மானிப்பது பார்ப்பவனுடைய கண். கண்ணோ, தான் எதிர்பார்க்கிறதைக் காண்பதிலே வல்லது.

பதுளைக்கு வரும் கோச்சியின் சாரதிக்கு இந்தத் தொல்லை இல்லை. தெமோதரையிலே பாதை வளையமாகச் சுற்றி, தான் கடந்து வந்த புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாக நுழைகிறது. அங்கே திசை தடுமாறாத பயணி இல்லை. ஆயினும் சாரதிக்குத் தண்டவாளம் இருக்கிறது. மைல் கல் இருக்கிறது. கைகாட்டி இருக்கிறது. இருட்டிலே வானத்திலே போகிறவனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை.

இந்த இருட்டின் கொடுமையை நன்கு அறிந்தவர்கள் கடற்படை விமானிகள். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் தட்டிலே ஜெட் விமானத்தை இறக்குவது அவர்கள் தொழில். 1945 டிசம்பர் 3ஆம் நாள் எரிக் பிரவுண் என்ற பிரித்தானியக் கடற்படை விமானிதான் முதன்முதலாக அவ்வாறு ஒரு ஜெட் விமானத்தைக் கப்பலிலே இறக்கினார். அது பகல். இரவு வேறு உலகம். கடலும் வானமும் ஒரே கறுப்பாகி விடும். மேடும் பள்ளமும் தெரியாது. கண் பொய் சொல்லும். சரியான சரிவிலே வருகிறாயா, மேலே நிற்கிறாயா, கீழே போகிறாயா என்று விமானிக்குச் சொல்லும் ஒளிக்குறியைக் கப்பலிலேயே அமைத்தார்கள். அவ்வளவு செய்தும் 1981ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலே இறங்க வந்த விமானமொன்று தட்டிலே மோதித் தீப்பற்றியது. பதினான்கு பேர் மாண்டனர். கப்பலிலே இறங்கும் போர் விமானி ஆனாலும் சரி, யாத்திரிகரை ஏற்றி வரும் விமானி ஆனாலும் சரி, இரவிலே அவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். நான் இப்போது எங்கே இருக்கிறேன்?

இப்பொழுது இலக்கியத்துக்கு வருகிறேன்.

தமிழ் இலக்கியத்திலே ஆகாய வழி பற்றிய நினைவு பழையது. வலவன் இல்லாமல் விண்ணிலே செல்லும் ஊர்தி பற்றிப் புறநானூறு பேசுகிறது. சீவகசிந்தாமணியிலே, சச்சந்த மன்னன் செய்வித்த மயிற்பொறியிலே ஏறித் தப்புகிறாள் கர்ப்பவதியான விசயை. கணவனை வென்றவனுடைய முரசொலி காதிலே விழுந்ததும் அவள் மயங்கி விடுகிறாள். செலுத்துவார் இல்லாத பொறி சுடுகாட்டிலே இறங்குகிறது. தமிழிலே சொல்லப்பட்ட முதல் விமான விபத்து இதுதானோ என்று நான் மாணவரிடம் வேடிக்கையாகக் கேட்பதுண்டு.

ஆனால் ஏழு கன்னியர் மலையை நினைக்கும்போது என் மனத்திலே முதலில் எழுவது மணிமேகலை. அந்தக் காப்பியத்தின் தலைவி, சாவக நாட்டுக்கு ஆகாய வழியே செல்கிறாள். சாவகம் என்பது யாவா. அங்கே புண்ணியராசனைக் கண்டு, மீண்டும் ஆகாய வழியே மணிபல்லவத்துக்கு வருகிறாள். மணிபல்லவம் நம்முடைய நயினாதீவே என்று கருதும் அறிஞர் பலர். அப்படியானால் யாவாவிலிருந்து இலங்கைக்கு வானத்திலே ஒரு வழி உண்டு என்பதைத் தமிழ்க் கவிஞன் என்றோ கற்பனை செய்துவிட்டான். 1974இலே வந்த விமானமும் அதே வழியிலேதான் வந்தது.

அதே காப்பியத்திலே காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் கதையும் வருகிறது. ஆனைத்தீ என்னும் தீராப் பசி நீங்கி, தன் ஊருக்கு வானிலே திரும்புகிறாள் அவள். விந்திய மலையைக் காக்கும் விந்தாகடிகை என்ற தெய்வம் அங்கே இருக்கிறது. வானிலே செல்வோர் அந்த மலைக்கு நேர் மேலாகச் செல்வதில்லை. காயசண்டிகை அதனை அறியாமல் மேலாகப் பறந்தாள். தெய்வம் அவளுடைய நிழலைப் பற்றி இழுத்து வயிற்றுக்குள்ளே அடக்கிக்கொண்டது.

மலை, வானிலே சென்றவளை விழுங்கிய கதை. 1974க்குப் பின்னர் கன்னிமார் கோபம் என்று தோட்டத்து முதியவர்கள் சிலர் சொன்னதைச் சிறு வயதிலே நானும் கேட்டிருக்கிறேன். அந்த விபத்து நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தியது. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து பதுளைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்த உறவுக்காரப் பாட்டி ஒருவர், பிள்ளைகளுடைய வயதைக் கணக்கிடும்போதெல்லாம் பிளேன் விழுந்த வருசத்துக்கு முந்தி, பிளேன் விழுந்த வருசத்துக்குப் பிந்தி என்றே சொல்வார். கன்னிமார் தலைக்கு மேலே போகலாமா என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியை நான் ஏற்கவில்லை. இறைவனைத் தேடிப் போனவர்களை இன்னொரு தெய்வம் தண்டித்தது என்று சொல்வது அந்த 182 யாத்திரிகருக்கும் அநீதி, கன்னிமாருக்கும் அநீதி. காப்பியத்தைக் கூர்ந்து படித்தால் சாத்தனாரும் அதைச் சொல்லவில்லை என்பது புலப்படும். காயசண்டிகை பாவம் எதுவும் செய்யவில்லை. வழியை அறியாமற் போனாள், அவ்வளவுதான். இந்தச் செய்தியைக் கந்திற்பாவை யாரிடம் சொல்கிறது என்று பாருங்கள். அவளுடைய கணவன் காஞ்சனனிடம். அவனோ சற்று முன்னர்தான், காயசண்டிகையின் உருவத்திலே இருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்று எண்ணி, அவளைத் தொடர்ந்து வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்தியவன். ஒன்றை இன்னொன்றாகக் கண்டதால் வந்த அழிவு அது. கண்ணெதிரே இருப்பதைத் தெளிவாக அறியாத மயக்கத்தைப் பற்றியே அந்தப் பகுதி முழுவதும் பேசுகிறது. இரண்டாயிரம் பக்க விசாரணை எழுதினாலும் ஏழு கன்னியர் மலையின் விபத்துக்கும் காரணம் அந்த ஒரு சொல்தான். மயக்கம். மேற்குக் கரைக்கு அணித்தாக வந்துவிட்டோம் என்று எண்ணினார்கள். அவர்கள் இருந்ததோ மலைநாட்டின் மேலே.

இன்னொரு வரலாற்று ஒற்றுமையையும் சொல்ல வேண்டும். யாவா மக்களை ஒல்லாந்தர் இலங்கைக்கு ஏற்றிவந்தது 1974இலே முதல் தடவை அன்று. கரையோரத்தை ஆண்ட காலத்திலே அவர்கள் தம்மை எதிர்த்த யாவா அரசரையும் பிரபுக்களையும் கப்பலேற்றி இங்கே நாடு கடத்தினார்கள். மக்காசாரின் ஷேக் யூசுப் என்ற பெரியார் 1684இலே இங்கே கொண்டுவரப்பட்டார். மூன்றாம் அமங்குராத் என்ற யாவா மன்னன் 1708இலே நாடு கடத்தப்பட்டான். அவர்களோடும், படைவீரராகவும் வந்தவர்களின் சந்ததியாரே இலங்கை மலாயர். பின்னர் பிரித்தானியரின் இலங்கைத் துப்பாக்கிப் படையிலே மலாய் வீரர் பெருந்தொகையினராக இருந்தனர். 1873இலே அந்தப் படை கலைக்கப்பட்டதும் பலர் பொலிஸ் வேலைக்கும் தோட்டத்து வேலைக்கும் போனார்கள். மலையகப் பட்டணங்களிலே மலாய்க் குடும்பங்கள் வேர்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அன்று மலையிலே மாண்டவர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். நம் அயலாரின் மூதாதையர் பிறந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்.

இனி, மலைக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றி.

1974 என்ற ஆண்டைத் தோட்டத்து மக்கள் வேறு காரணத்துக்காகவும் மறக்கவில்லை. அது பஞ்ச காலம். மா, அரிசிப் பங்கீடு குறைந்து, 1973இலும் 1974இலும் தோட்டங்களிலே பட்டினியால் மனிதர் மாண்டார்கள். கிழங்கையும் கீரையையும் தேடி மக்கள் அலைந்தார்கள். 1948இலே குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் அவர்கள். 1964இலே சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை, 1974 ஜனவரியிலே சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று விமானிக்கு மட்டுமா கேள்வி? லயத்திலே இருந்தவனுக்கும் அதே கேள்விதான். தலைமன்னாருக்குப் போகும் கோச்சியிலே ஏறுவதா, இல்லை இங்கேயே கிடப்பதா என்று அவனுக்கே தெரியாது.

அப்படிப்பட்ட மக்களுடைய மலையிலேதான் அந்த விமானம் விழுந்தது. நெருப்பையும் இடியோசையையும் முதலில் அறிந்தவர்கள் அடிவாரத்துத் தோட்டத்தாரும் அயற்கிராமத்தாருமே. செங்குத்தான பாறை, காடு, அட்டை, கார்த்திகை மாதத்துக் குளிர். பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் அன்று மலை ஏறினார்கள். அடையாளம் காண முடியாத உடல்களை அங்கேயே, மலையடி மண்ணிலேயே, ஒருங்கே அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. மக்காவை நோக்கிப் புறப்பட்டவர்களுக்குத் தேயிலை மண் மையவாடியாகியது. தமக்கே ஆறடி நிலம் சொந்தமில்லாத மக்கள் நடுவிலே அவர்கள் உறங்குகிறார்கள்.

நோர்ட்டன் பிரிட்ஜிலே நினைவுச் சின்னம் இருக்கிறது. விமானத்தின் சக்கரம் ஒன்றையும் அங்கே பேணி வைத்திருக்கிறார்கள். அட்டனிலிருந்து பஸ் ஏறிப் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். மாண்டவர்களின் தொகையைச் சொல்ல 191 என்ற எண் உண்டு. மலை ஏறியவர்களின் தொகையைச் சொல்ல எண் கூட இல்லை.

அந்த மரணங்களால் உலகம் ஏதேனும் கற்றதா? கற்றது, ஆனால் கூலி கொடுத்துக் கற்றது. ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் முதலாம் நாள், அமெரிக்காவின் தலைநகருக்கு அணித்தாக இறங்கிக்கொண்டிருந்த டீ.டபிள்யூ.ஏ. கம்பனி விமானம் ஒன்று வெர்ஜீனியாவிலே ஒரு மலையிலே மோதி 92 பேர் இறந்தனர். அதுவும் பழுதில்லாத விமானம். அதுவும் இறங்கத் தகாத இடத்திலே இறங்கியது. ஒரே வாரத்திலே, உலகின் இரண்டு மூலையிலே, ஒரே வகை மரணம். அந்த மாதத்திலேயே அமெரிக்க அரசு தன் பெரிய பயணிகள் விமானங்களிலெல்லாம் தரை அணுகுவதை எச்சரிக்கும் கருவியை 1975 இறுதிக்குள் பொருத்த வேண்டும் என்று விதித்தது. அந்தக் கருவியை உருவாக்கியவர் டொன் பேற்மன் என்ற கனடியப் பொறியியலாளர். விமானத்துக்கும் அதன் கீழுள்ள தரைக்கும் இடையிலுள்ள தூரம் வேகமாகக் குறைந்தால் கருவி உரத்த குரலிலே விமானியை மேலே எழும்பச் சொல்லும். கீழே மட்டும் பார்க்கும் கருவி, முன்னே செங்குத்தாக நிற்கும் மலையைப் பிந்தித்தான் அறியும். ஆகவே அவரே பின்னர், உலகத்து மலைகளின் படத்தையெல்லாம் விமானத்துக்குள்ளே வைத்து, முன்னே வரும் மலையையும் சொல்லும் கருவியைச் செய்தார். 2023இலே அவர் காலமானார். அவரால் பிழைத்தவர்களுக்குத் தாங்கள் பிழைத்தது தெரியாது. மோதாத மலைக்கு யார் நினைவுச் சின்னம் எழுப்புவார்?

ஆனால் கற்றது எல்லாருக்கும் ஒரே நேரத்திலே வந்து சேரவில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இரவு, ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு ஹாஜிகளை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நாட்டு விமானம் ஒன்று கட்டுநாயக்கவிலே இறங்க வந்து, தளத்தை எட்டுமுன் தென்னந்தோட்டத்திலே வீழ்ந்தது. அதுவும் டீ.சீ. 8. உள்ளே இருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். முதல் விபத்திலே மாண்டவர்கள் கடமைக்குப் போகிறவர்கள். இரண்டாவதிலே மாண்டவர்கள் கடமை முடித்து வீடு திரும்புகிறவர்கள். நான்கு ஆண்டுக்குள்ளே 374 உயிர்கள். இரண்டும் இரவு. இரண்டும் இறங்கும் வேளை.

நேயர்களே, வரலாறு என்றால் அரசனும் போரும் ஒப்பந்தமும் என்று நாம் பழகிவிட்டோம். மலையக வரலாறு என்றால் கங்காணி, துண்டு முறை, வாக்குரிமைப் பறிப்பு என்று எழுதுகிறோம். எழுத வேண்டியவைதான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமைப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது என்றும் எழுதி முடிக்கிறோம். ஆனால் ஓர் இரவிலே, யாரென்று தெரியாத மனிதருக்காக, தன் வயிற்றுப் பசியோடு மலை ஏறிய ஒருவன் இருந்தானே. அவனும் வரலாறுதான். ஒரு நாட்டுக்கும் உரியவன் அல்லன் என்று தாளிலே எழுதப்பட்டவன், இன்னொரு நாட்டு மனிதனின் உடலைத் தாங்கி வந்தான். குடிமகனுக்கு இலக்கணம் எழுதியவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் தங்கள் ஏட்டைத் திருத்தியிருக்க வேண்டும்.

அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ், அட்டன் பக்கத்து ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உயர்தர மாணவரை ஒரு குறிப்பேட்டோடு அந்த முதியவர்களிடம் அனுப்புங்கள். யார் முதலில் ஓசை கேட்டார்கள், யார் வழி காட்டினார்கள், யார் குழி தோண்டினார்கள், யார் அன்று சமைக்கவில்லை என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பிழையாகச் சொன்னாலும் எழுதட்டும். கன்னிமார் கோபம் என்று சொன்னாலும் எழுதட்டும். ஒப்புநோக்கித் திருத்துவது பின்னர் ஆகட்டும். ஊவாவிலே நாங்களும் கேட்கிறோம். மேலே போன ஓசையை நினைவிலே வைத்திருக்கும் யாரேனும் ஹப்புத்தளையிலோ கொஸ்லந்தையிலோ இருக்கக்கூடும்.

காயசண்டிகை விந்தமலையின் வயிற்றிலே அடங்கினாள். ஆனால் அவளுடைய பெயரும் வழியும், அவள் ஏன் மீளவில்லை என்பதும் நமக்குத் தெரியும். சாத்தனார் எழுதி வைத்ததனால் தெரியும். ஏழு கன்னியர் மலையிலே அடங்கியவர்களுக்கும் அவர்களைத் தாங்கியவர்களுக்கும் அந்த அளவு கடமையையேனும் நாம் செய்ய வேண்டாமா?